எண்ணெய் தின்ற இலக்கம்

வடை சுற்றி வந்த தாளில் கணக்கு இருந்தது.
நோர்வூட் பஸ் ஸ்டாண்டில் ரெஜினா வாங்கிய வடை,
மூன்று பேருக்கு ஆறு, உறைப்பு அதிகம்.
தாளை யாரும் கேட்கவில்லை.
நான் மடித்து எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கானது.
உச்சியில் தடித்த எழுத்து:
செய்கைக்கும் புள்ளி உண்டு.

முதலாம் கேள்வியில் ஓர் அட்டை.
பத்தடிச் சுவர்,
பகலில் மூன்றடி ஏறும்
இரவில் இரண்டடி வழுக்கும்.
எத்தனையாம் நாள் உச்சி தொடும்?

"பத்து," என்றாள் பாக்கியவதி,
தேத்தண்ணிப் போத்தலை மூடிக்கொண்டே.
எட்டு, என்றேன்.
ஏழு ராத்திரி கழிந்தால் ஏழடி.
எட்டாம் நாள் பகலில் இன்னும் மூன்று.
உச்சிக்குப் போனது ஏன் வழுக்கப்போகிறது?

ரெஜினா கெண்டைக்காலிலிருந்து ஒன்றைப் பிய்த்தாள்,
உப்புத்துணியால் துடைத்தாள்.
"இது ஒருநாளும் வழுக்காதுடி."
அதற்குப் புள்ளி இல்லை.

இரண்டாம் கேள்வியில்
மூன்று பெண்கள், மூன்று சாக்குக் கொழுந்து.
தனித்தனியே நிறுக்காமல்
இரண்டிரண்டாய்த் தராசில் வைத்தார்களாம்
(ஏன் என்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்).
நிலாவும் பானுவும் முப்பத்தொன்று.
பானுவும் ரூபாவும் இருபத்தொன்பது.
நிலாவும் ரூபாவும் இருபத்து
அங்கே வடை உட்கார்ந்திருந்தது.

வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
எண்ணெய் ஊறிய தாள் கண்ணாடி மாதிரி,
பின்பக்கத்துச் சுற்றாடல் பாடத்துத் தவளையின் கால்
முன்பக்க இலக்கத்தோடு பின்னிக் கிடந்தது.
ஐந்தா, ஆறா?
வயிறு மட்டும் தெரிகிறது. தலை இல்லை.

கங்காணி சத்தம் போட்டார்.
நிரைக்குத் திரும்பினோம்.
கொழுந்தைக் கை பார்த்துக்கொள்ளும்,
அதற்கு நான் வேண்டியதில்லை.

மூன்று நிறுவையையும் கூட்டினால்
ஒவ்வொருத்தியும் இரண்டு தரம் தராசு ஏறியிருப்பாள்.
அப்படியென்றால் கூட்டுத்தொகை
சரிபாதியாய்ப் பிளக்க வேண்டும்.
முப்பத்தொன்றும் இருபத்தொன்பதும் அறுபது.
தவளைக் காலில் இருப்பது ஐந்தானால் எண்பத்தைந்து,
பாதி நாற்பத்திரண்டரை.

அரையா?
பதினெட்டு வருஷமாய் இந்த மலையில்
நிறுவைப் புத்தகத்தில் ஓர் அரையை நான் கண்டதில்லை.
சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று,
அதற்குப் பிறகும் அரை மிஞ்சினால்
அது புத்தகக்காரரின் கண்ணுக்கு எட்டாது.
ஆகவே ஆறு.

முற்றிய இலை ஒன்றைப் பறித்து
ஊசிப்பின்னால் கீறினேன்.
எண்பத்தாறு. பாதி நாற்பத்து மூன்று.
அதிலிருந்து பானுவையும் ரூபாவையும் இறக்கிவிட்டால்
தனியே நிற்பவள் நிலா, பதினான்கு.
நிலாவையும் ரூபாவையும் இறக்கினால் பானு, பதினேழு.
மிச்சம் பன்னிரண்டு ரூபாவுக்கு.
பாவம், பிஞ்சு நிரையில் விட்டிருப்பார்கள் அவளை.
திரும்பக் கூட்டிப் பார்த்தேன், பொருந்தியது.
கீறலெல்லாம் மெல்லச் செம்பு நிறமாகி
இலையில் என் செய்கை துலங்கியது.

நாலரைக்குக் கொழுந்து மடுவம்.
முள் இருபத்தொன்றில் நின்றதை நான் பார்த்தேன்.
அவர் பதினெட்டு என்று எழுதினார்.

"செய்கை?" என்றேன்.
"என்னது?"
"இருபத்தொன்று எப்படிப் பதினெட்டாச்சு.
ஒவ்வொரு படியா."

பேனா நின்றது.
பின்னால் வரிசையும் நின்றது.
பாக்கியவதி, நாளைக்கு மூன்றென்றால் மாதத்துக்கு என்று
விரல் மடக்கத் தொடங்கியிருந்தாள்.
ரெஜினா எதுவும் பேசவில்லை.
என் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டினாள்,
இரண்டு தரம் உதறினாள்,
வெறும் சாக்கைத் தராசில் மாட்டினாள்.

முள் கொஞ்சம் ஆடியது.
எல்லோரும் குனிந்தோம்.